பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகினால்: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயிகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, என்னுடையது பழைய மாஸி 1035. பின்பக்கம் முழுக்க எண்ணெய் அப்பிக் கிடக்கிறது. கருவியைத் தூக்கும் லிஃப்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? (கே.வி.குப்பம்)

இப்போதே வேண்டாம் தம்பி. இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் உள்ளேயே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். டிப்பர் தொட்டியைத் தூக்க லைன் எடுத்திருந்தால் ஒழிய, பிரஷர் பைப் எதுவும் வெளியே வராது. அதனால் வெளியே தெரியும் ஒழுகல் பெரும்பாலும் ஏதோ ஒரு சீல் (ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்), பேக்கிங் அல்லது பிளக்கில்தான் இருக்கும். அதற்காக லிஃப்ட் கவரைத் தூக்குவது வீண் செலவு.

முதலில் டீசலும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், சீல் வாயிலும் பிரீதரிலும் (உள்ளே சேரும் காற்று வெளியேறும் துளை) நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நன்றாகக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். கோலமாவு வேண்டாம். அதில் கல்மாவு கலந்திருந்தால் சீலை அரித்துவிடும்.

அன்றிரவு அடியில் பழைய அட்டை போட்டு நிறுத்துங்கள். நின்ற நிலையிலேயே ஒழுகினால் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே உள்ள பிளக், பேக்கிங், ஆக்ஸில் பக்கம் பாருங்கள். காலையில் கல்டிவேட்டர் மாட்டி, எண்ணெய் சூடாகும் வரை ஏற்றி இறக்குங்கள். அப்போது மட்டும் நனைந்தால் லிஃப்ட் ஷாஃப்ட் ஓ ரிங், கவர் பேக்கிங் போன்ற மேல்பக்க இடங்கள். பவுடரில் ஈரம் எங்கே உயரமாகத் தெரிகிறதோ அதுதான் ஊற்றுக்கண். சொட்டும் இடத்தைப் பார்த்துச் சீல் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். எண்ணெய் கீழே இறங்கும், ஃபேன் காற்று பின்னால் தள்ளும். சொட்டுகிற இடம் ஒன்று, கிளம்புகிற இடம் வேறு.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில் சொட்டுகிறது. ஹைட்ராலிக் ஆயில்தானா? (திமிரி)

கிளட்ச் ஹவுசிங் அடியில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அங்கிருந்துதான் வருகிறது. வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் பின் சீல், தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல். எதுவானாலும் வண்டியை இரண்டாகப் பிரிக்கணும். அதனால் கிளட்ச் மாற்றும்போது இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். எண்ணெய் உள்ளே தேங்கிக் கிளட்ச் பிளேட் நனைந்துவிடும்.

பி.டி.ஓ. (பின்னால் கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) சீல் மாற்றி மாற்றிப் பார்த்தாச்சு. கொஞ்ச நாளில் மறுபடியும் ஒழுகுது. போலிச் சீலா? (செய்யாறு)

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். பல வண்டிகளில் லிஃப்ட் கவர் மேலோ எண்ணெய் ஊற்றும் மூடியிலோ இருக்கும். சேறும் தூசும் அடைத்துவிட்டால், எண்ணெய் சூடாகும்போது உள்ளே காற்று அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். புதுச் சீல் போட்டால் வேறு சீல் வழியாக வரும். அதிகமாக ஊற்றினாலும் இதே கதைதான். டிப்ஸ்டிக் குறிக்கு மேல் "கொஞ்சம் இருக்கட்டுமே" என்று ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு, விட்டுவிடுங்கள்.

இரண்டும் சரியென்றால் ஷாஃப்டை நகத்தால் தடவுங்கள். பழைய சீல் உரசி வரி விழுந்திருந்தால் எந்தக் கம்பெனிச் சீலும் நிற்காது. இடமிருந்தால் புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம். இல்லையென்றால் லேத்தில் கொடுத்து ஷாஃப்ட் மேல் ஸ்லீவ் (உறை) போடணும்.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, மட்டம் மட்டும் குறைகிறது. (அணைக்கட்டு)

டிரம் பிரேக் வண்டி என்றால் முதலில் பின்சக்கர டிரம்மைத் திறங்கள். ஆக்ஸில் சீல் போனால் எண்ணெய் டிரம்முக்குள் போகும், வெளியே தெரியாது. பிரேக் ஒரு பக்கம் இழுத்தாலோ பிடிக்காமல் வழுக்கினாலோ சந்தேகமே வேண்டாம். ஏலகிரி, ஜவ்வாது மலைச் சரிவில் லோடு ஏற்றுகிறவர்கள் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

பம்ப் எஞ்சினோடு பொருத்திய வண்டி என்றால் எஞ்சின் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் பம்ப் ஷாஃப்ட் சீல் வழியாக எண்ணெய் எஞ்சினுக்குள் போகக்கூடும். டீசல் இறங்கினாலும் மட்டம் ஏறும், ஆனால் அப்போது எண்ணெய் நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கும்.

எஞ்சினை நிறுத்தியதும் கல்டிவேட்டர் தானாக இறங்குகிறது. ஒழுகல் எங்கேயும் இல்லை. (போளூர்)

இது உள் ஒழுகல். எண்ணெய் சிலிண்டரிலிருந்து தப்பி அதே ஹவுசிங்குக்குள் விழுகிறது, அதனால் மட்டம் குறையாது. பிஸ்டன் ரிங் அல்லது ஓ ரிங் தேய்ந்திருக்கலாம், கன்ட்ரோல் வால்வு கசியலாம். ராத்திரி நிறுத்திக் காலையில் இறங்கியிருந்தால் பழைய வண்டிக்குப் பொறுத்துக்கொள்ளலாம். நிறுத்திய ஒன்றிரண்டு நிமிஷத்தில் தரை தொட்டாலோ, ஓட்டும்போது தூக்கித் தூக்கி ஆடினாலோ, அப்போதுதான் லிஃப்டைக் கழற்றும் வேலை. எப்படியும் நிறுத்தும்போது கருவியைத் தரையில் இறக்கிவிடுங்கள்.

ஐயா, டிப்பர் ஹோஸில் எங்கே கசியுதுன்னு என் வீட்டுக்காரர் கையால் தடவிப் பார்க்கிறார். பரவாயில்லையா? (ஆற்காடு)

கூடவே கூடாதும்மா. அந்த லைனில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். எறும்பு கடித்தாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கி விரலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். அப்படி நடந்தால் மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருக்காமல், அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியோ, உடனே போய் "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று சொல்லுங்கள்.

கசிவு தேட நீளமான அட்டையை ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் போதும். கழற்றும் முன் டிப்பரை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு மூன்று தடவை ஆட்டி அழுத்தத்தை விடணும். தூக்கிய தொட்டிக்கு அடியில், முட்டு இல்லாமல் யாரும் நுழையக் கூடாது.

பைப்பை இணைக்கும் யூனியனில் டெஃப்லான் டேப் சுற்றலாமா? (குடியாத்தம்)

வேண்டாம். வாஷரையோ ஓ ரிங்கையோ மாற்றுங்கள். டேப் நூல் பிரிந்து வால்வில் சிக்கும்.

சேற்றுழவு முடித்ததும் எண்ணெய் பால் மாதிரி ஆகிவிட்டது. (கலவை)

தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெய் வெளியே வரும் சீல் வழியாகத் தண்ணீரும் உள்ளே போகும். வடித்துவிட்டு ஃபில்டரைக் கழுவி, சீல்களைப் பார்த்தபின் புது எண்ணெய் ஊற்றுங்கள். வடித்ததைத் தெளியவைத்து மறுபடி ஊற்றாதீர்கள். பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம்.

லேசாகச் சொட்டுது. அறுவடை முடியும்வரை ஓட்டலாமா? (சோளிங்கர்)

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 4 லிட்டர். உங்களுடையது நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு என்றால் தினமும் காலையில் மட்டம் பார்த்து ஓட்டுங்கள். பிரேக் டிரம், கிளட்ச், டிப்பர் ஹோஸ், இந்த மூன்றில் ஒன்று என்றால் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே நிறுத்துங்கள்.