பகடை மேஜை: கிளெரிக்கின் கணக்கு யார் பெயரில்?

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நான் கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி). எங்கள் ஃபைட்டர் (போர்வீரராக ஆடுபவர்) ஒவ்வொரு சண்டையிலும் யார் எவ்வளவு டேமேஜ் கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி வருகிறார். போன வாரம் ட்ரோல் என்ற அரக்கனோடு சண்டை. முதல் சுற்றில் பிளெஸ் என்ற ஆசி மந்திரம் போட்டேன். நெருப்பு மந்திரம் கைவசம் இல்லாததால் அடுத்த மூன்று சுற்றும் தீப்பந்தத்தால் அடித்தேன், மூன்றும் பட்டன. நோட்டில் அவர் பெயருக்கு நேரே 70, என் பெயருக்கு நேரே 3. "உன் கேரக்டரால் பிரயோஜனம் இல்லை, மாற்றிவிடு" என்கிறார்கள். மாற்றிவிடவா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாற்றாதீர்கள். அந்த நோட்டில் எண்கள் சரியாகத்தான் இருக்கும். எந்த எண் யார் பெயருக்கு நேரே என்பதில்தான் தப்பு.

முதலில் ஃபைட்டருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். ஐந்தாம் லெவல், ஸ்ட்ரெங்த் 18 என்றால் உருட்டலோடு +7 சேரும். ட்ரோலின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படுவதற்கு உருட்டல் எட்ட வேண்டிய எண், 15. இருபது முகப் பகடையில் 8 விழுந்தாலே போதும். நூற்றுக்கு 65 தடவை படும். கிரேட்ஸ்வார்டுக்கு சராசரி 7, ஸ்ட்ரெங்த்துக்கு 4, ஆக 11. கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் ஆயுதப் பகடை இரட்டிப்பு) சேர்த்து, இரண்டு அடிக்குச் சுற்றுக்கு 15. அவரிடம் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற சிறப்புத் திறன் இருந்தால், உருட்டலில் 5-ஐ விட்டுக்கொடுத்து டேமேஜில் 10 வாங்கலாம். படுவது 40 சதவீதமாக இறங்கும். ஆனாலும் சுற்றுக்கு 17.5 வரும். (எதிரியின் ஆர்மர் கிளாஸ் 18 என்றால் இது நஷ்டம்: சாதாரணமாக அடித்தால் 11.7, இப்படி அடித்தால் 11.2. 2024 புத்தகத்தில் இந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.)

இப்போது உங்கள் பிளெஸ். அதைப் பெற்றவர் தன் உருட்டலோடு ஒரு நான்கு முகப் பகடையையும் கூட்டிக்கொள்வார். நான்கு முகப் பகடைக்குச் சராசரி 2.5. இருபது முகத்தில் அது 12.5 சதவீதம். பட்டால் 21 (11-உடன் அந்த 10) என்ற அடிகள் சுற்றுக்கு இரண்டு என்றால், 5.25 டேமேஜ் உங்களால் வந்தது. அது முழுவதும் அவர் பெயரில் ஏறிவிட்டது. பிளெஸ் மூன்று பேருக்குப் போடலாம். மற்ற இருவரிடமும் இதேபோல் உங்கள் பங்கு உண்டு.

அந்த 3 பற்றித்தான் எனக்கு உண்மையில் மனசு கேட்கவில்லை. ட்ரோலுக்கு 84 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). ஒவ்வொரு முறையும் தன் டர்ன் தொடங்கும்போது 10 திரும்ப ஏறும். நெருப்போ ஆசிடோ பட்டிருந்தால் மட்டும் அந்த ஒரு தடவை ஏறாது. சுற்றுக்கு 17.5 அடிக்கும் ஃபைட்டர், பக்கத்தில் யாராவது நெருப்போடு நின்றால் 5 சுற்றில் அதை வீழ்த்துவார். நெருப்பில்லாமல் 10 சுற்று ஆகும், அப்போதும் அது விழுந்து எழுந்துவிடும். உங்கள் தீப்பந்த அடி ஒவ்வொன்றும் 1 டேமேஜ். முதல் இரண்டு 1-ம் சேர்ந்து 20 பாயின்ட் ஏறவிடாமல் தடுத்தன. மூன்றாவது 1 விழுந்த ட்ரோலை எழவே விடவில்லை. அன்று அந்த மேஜையில் இதைவிட நல்ல அடி யாரும் அடிக்கவில்லை.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிளெஸ் போட்டதும் கிளெரிக் ஆடுபவர் தன் மஞ்சள் நான்கு முகப் பகடையை எடுத்து ஃபைட்டர் முன்னால் வைப்பார். ஒரு நாள் ஃபைட்டருக்கு 11 விழுந்தது. +7-இல் 5-ஐ விட்டுக்கொடுத்தது போக மிச்சம் 2 கூட்டினால் 13, தேவை 15. "போச்சு" என்று உதட்டைப் பிதுக்கியவர், ஞாபகம் வந்து மஞ்சளை உருட்டினார். 2. மொத்தம் 15, பட்டுவிட்டது! டேமேஜ் 22. அந்த 22-ஐ கிளெரிக் பெயரில் எழுதினோம். மஞ்சள் பகடை இல்லாமல் பட்டிருக்காத அடி எதுவோ, அது கிளெரிக்கின் அடி. அடுத்த ஞாயிறு நோட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு தடவை எழுதிப் பாருங்கள். தடுத்த ஹிட் பாயின்டுக்கும் ஒரு கோடு போட்டு இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டராகப் புதிதாக உட்கார்ந்திருக்கிறேன். எதிரியின் பலத்தைக் காட்டும் சேலஞ்ச் ரேட்டிங்கை நம்பி எதிரிகளை இறக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒற்றை எதிரி என்றால் ஓரளவு நம்பலாம். கூட்டமாக இறக்கும்போதுதான் கவனம் வேண்டும். கோப்லின் என்ற குட்டி அரக்கன் ஒன்றுக்கு எக்ஸ்பி (வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி) 50. நான்கு கோப்லின் என்றால் 200, முதல் லெவலில் இருக்கும் நான்கு பேருக்கு அது நடுத்தரச் சண்டை என்று தோன்றும். ஆனால் 2014 விதிப்படி, எதிரிகள் மூன்று முதல் ஆறு பேர் வரை இருந்தால் சண்டையின் கனத்தை இரண்டால் பெருக்க வேண்டும். 400 ஆகிவிடும். அந்தக் குழுவுக்கு 400 என்பது உயிர் போகும் சண்டைக்கான எல்லை. எதிரிக்குச் சுற்றுக்கு நான்கு அடி கிடைக்கிறது அல்லவா, அதனால்தான். நான் முதன்முதலில் நடத்திய ஆட்டத்தில் இதைப் பெருக்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது சுற்றில் இரண்டு பேர் தரையில் கிடந்தார்கள்.