அப்பாவின் கோபமும் ஆறாத புண்ணும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 69. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர், நான்கு மாதங்களுக்கு முன் அத்தனையையும் நிறுத்திவிட்டார். விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்த ஒரு சூரணத்தை மட்டும் இருவேளையும் சாப்பிடுகிறார். என் தாத்தா ஆயுர்வேத வைத்தியர். அவருடைய கிரந்த எழுத்துச் சுவடிகள் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. "வெள்ளைக்காரன் திட்டமிட்டு அழித்த வைத்தியம் இது. அவன் கொடுத்த மாத்திரையை நான் ஏன் விழுங்க வேண்டும்?" என்கிறார் அப்பா. மருத்துவரான என் தம்பி, "அது வைத்தியமே இல்லை, வெறும் மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டான். இருவரும் பேசிக்கொண்டு ஆறு வாரமாகிறது. ஆயுர்வேதத்தை உண்மையில் ஆங்கிலேயர்கள்தான் அழித்தார்களா? அப்பாவிடம் நான் என்ன சொல்வது? (அவருக்கு ஒரு மாதமாக வலது கால் பெருவிரலில் ஒரு புண் இருக்கிறது. வலி இல்லை என்பதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)
வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருக்கும் கடைசி இரண்டு வரிகளிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. வலி இல்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதே அந்த வலி இல்லாமைதான். சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும். செருப்புக் கடித்தாலும் தெரியாது, முள் தைத்தாலும் தெரியாது. மருந்தை நிறுத்திய உடம்பில் ஒரு மாதமாக ஆறாத புண் எலும்புவரை போகலாம். விரலை இழந்தவர்களையும் காலை இழந்தவர்களையும் என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் சொன்னதும் "வலி இல்லையே" என்பதுதான். எனவே இதழ் அச்சாகும்வரை காத்திராமல் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். நாளைக்கே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். புண்ணின் மேல் எதையும் அரைத்துப் பூச வேண்டாம்.

"அவர் வர மாட்டாரே" என்பீர்கள். அதற்குத்தான் சரித்திரம் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் அப்பாவின் கோபத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதியை யாரும் அவரிடம் ஒப்புக்கொள்ளாததால் மீதிப் பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1820-களில் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியே நாட்டு மருத்துவம் கற்பிக்க ஏற்பாடு செய்திருந்தது. 1822-ல் சுதேச மருத்துவப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதத்தின் மூல நூலாசிரியர்களான சரகரும் சுசுருதரும் பாடமாக இருந்தார்கள்; ஐரோப்பிய உடற்கூறு நூல்களும் கூடவே படிக்கப்பட்டன. 1835-ல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் இவற்றை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் குதிரைக்கு லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவன்கூட வெட்கப்படும் மருத்துவக் கோட்பாடுகள் என்று நம் மருத்துவத்தை மெக்காலே எழுதியதும் அதே ஆண்டில்தான்.

அன்றைய ஐரோப்பிய மருத்துவரின் கையில் என்ன இருந்தது? நோயாளியின் ரத்தத்தை வெளியேற்றுவார்கள், அட்டை விடுவார்கள், பாதரசம் கொடுத்துப் பேதியாக்குவார்கள். கிருமி என்றால் என்னவென்று தெரியாது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கிடையாது. 1835-ல் அந்த மருத்துவம் வென்றதற்குக் காரணம் அது நன்றாகக் குணப்படுத்தியது அல்ல, ஆட்சி அதன் பக்கம் இருந்தது. இதை அப்பாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். தம்பியிடமும் சொல்லுங்கள், அவனுக்கு இதைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சகோதரி, ஆயுர்வேதத்தின் சரிவு 1835-ல் தொடங்கவில்லை. என்னை மிகவும் வருத்தும் பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

சுசுருத சம்ஹிதை, அறுவை வைத்தியம் கற்க விரும்புபவன் பிணத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது. உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவிட்டு, பிறகு வேரால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் முதல் உள்ளுறுப்புகள் வரை ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காணும்படி சொல்கிறது. நூலில் படித்ததையும் கண்ணால் கண்டதையும் சேர்த்து அறிந்தால்தான் அறிவு வளரும் என்ற எண்ணம் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. கண்புரைக்கும் சிகிச்சை சொல்கிறது, அறுபட்ட மூக்கைச் சரிசெய்யவும் வழி சொல்கிறது.

அந்தக் கை எங்கே போனது? 1794-ல் லண்டனில் வெளியான ஒரு பத்திரிகையில் பூனாவுக்கு அருகே நடந்த ஒரு சிகிச்சையைப் பற்றிய செய்தி படத்துடன் வந்தது. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிக்கி மூக்கை இழந்தவர். அவருடைய நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு அமைத்துக் கொடுத்திருந்தார் ஒருவர். அந்தச் செய்தி, கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவரை இருபது ஆண்டுகள் கழித்து அதே முறையில் அறுவை செய்ய வைத்தது. உலகம் இன்று செய்யும் மூக்குச் சீரமைப்புக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

நாம் பெருமைப்படுகிறோம், படலாம். ஆனால் பூனாவில் அதைச் செய்தவர் யார்? சாஸ்திரம் படித்த வைத்தியர் அல்லர். மண் பிசைந்து செங்கல் சுடும் குயவர் குலத்தவர். தந்தையிடமிருந்து மகன் என்று கைவழியாகக் கற்ற வித்தை அது. நூல் வைத்திருந்தவர்கள் கத்தியைத் தொடவில்லை. கத்தி பிடித்தவருக்கு நூல் எட்டவில்லை. வைத்தியன் கொடுக்கும் சோறு சீழுக்குச் சமம் என்று மனு நூலில் எழுதி வைத்த சமூகம் இது. ரத்தமும் சீழும் பிணமும் தீட்டு என்றான பிறகு எந்த மாணவன் ஏழு நாள் ஊறிய உடலைத் தூரிகையால் தேய்ப்பான்? ஆயுர்வேதத்தின் கையை வெட்டியது வெள்ளைக்காரன் அல்லன். இதை எழுதும்போது எனக்குச் சினம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அதற்காக, "ஆயிரம் ஆண்டுகள் உறைந்து கிடந்த வைத்தியம்" என்று உங்கள் தம்பி சொன்னால் அதுவும் தவறு. போர்த்துகீசியர்களோடு வந்த மேகப்புண் (சிபிலிஸ்) நோய்க்குப் பாவப்பிரகாசம் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஆயுர்வேத நூல் 'பிரங்க ரோகம்' என்று பெயரிட்டு மருந்தும் சொன்னது. பழைய சம்ஹிதைகளில் இல்லாத நாடிப் பரிசோதனை, சார்ங்கதரர் நூலில் வருகிறது. மருந்துப் பக்கம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அறுவைப் பக்கம்தான் பட்டுப்போனது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரை அப்பாவுக்கு நினைவூட்டுங்கள். 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் அமைத்து, நாட்டு மருத்துவர்களையும் ஐரோப்பிய மருத்துவத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார். கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து, சிகிச்சைக் குறிப்புகளும் எழுதி வைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. இது வெள்ளைக்காரன் வைத்தியம், இது நம் வைத்தியம் என்று பிரிக்காமல், எது தீர்க்கிறது என்று எழுதிப் பார்த்த மன்னர் அவர். அந்த வழி தொடர்ந்திருந்தால் நம் கதையே வேறாக இருந்திருக்கும். கல்கத்தாவிலும் ஒருவர் இருந்தார். மதுசூதன் குப்தா, வைத்தியக் குலத்தில் பிறந்து சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். 1836-ல் புதிய மருத்துவக் கல்லூரியில் தீட்டு அச்சத்தை மீறிப் பிணத்தை அறுத்தார். ஆங்கிலேயருக்குப் பணிந்தார் என்று அவரைச் சொல்வோர் உண்டு. சுசுருதர் சொன்னதை நீண்ட காலத்துக்குப் பிறகு மறுபடியும் செய்தவர் என்றே நான் சொல்வேன்.

அதன் பிறகுதான் உண்மையான இடைவெளி விழுந்தது. 1846-ல் மயக்க மருந்து. 1884-ல் நம் கல்கத்தாவில் இருந்துகொண்டே காலராக் கிருமியை அடையாளம் காட்டினார் ராபர்ட் கோக். 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாவைக் கண்டார் ரொனால்ட் ராஸ். 1922-ல் இன்சுலின் முதல்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குள் நவீன மருத்துவம் வேறொன்றாகிவிட்டது. சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவத்தை ஆராய உஸ்மான் குழுவை அமைத்து, 1923-ல் அறிக்கை பெற்று, 1925-ல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளியை நடத்தத் தொடங்கியபோது, ஓட்டத்தில் நாம் வெகுதூரம் பின்தங்கியிருந்தோம். அந்தப் பள்ளி 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக, முழு நவீன மருத்துவக் கல்லூரியாக மாறியது. அப்போது ஆண்டது யார் என்று அப்பாவே சொல்வார்.

இனி அந்தச் சுவடிகளுக்கு வருவோம். ஆயுர்வேத நூல்கள் மேக நோயை, அதாவது சிறுநீர் கெட்டுப்போகும் நோயை, இருபது வகையாகப் பிரிக்கின்றன. கபத்தால் வரும் பத்தும் தீரக்கூடியவை. பித்தத்தால் வரும் ஆறும் 'யாப்பியம்', அதாவது தீராது, ஆனால் மருந்தால் தாங்கி நிறுத்தலாம். வாதத்தால் வரும் நான்கும் அசாத்தியம், அதாவது மருந்துக்கு அடங்காதவை. சிறுநீர் தேன்போல் இனிக்கும் மதுமேகம், நாம் இன்று சர்க்கரை நோய் என்பது, இந்த நான்கில் ஒன்று. கவனிக்காமல் விட்ட எந்த மேகமும் நாளடைவில் மதுமேகமாகும் என்றும், மேக நோயாளிக்கு வரும் கட்டிகள் ஆபத்தானவை என்றும் சுசுருதர் தனியாகவே எச்சரிக்கிறார். யாப்பியத்துக்கு அவர் சொல்லும் உவமை எனக்கு மிகவும் பிடித்தது: சாயும் வீட்டைச் சரியாகக் கொடுத்த முட்டு தாங்குவதுபோல, முறையான சிகிச்சை அந்த நோயாளியைத் தாங்கும்.

உங்கள் தாத்தா படித்த நூல் கைவிரித்த நோயை இன்றைய மருத்துவம் யாப்பியமாக்கியிருக்கிறது. மாத்திரையும் இன்சுலினும் அந்த முட்டுத்தான். பதினோரு ஆண்டுகள் தாங்கிய முட்டை அப்பா தன் கையாலேயே தட்டிவிட்டிருக்கிறார். அவர் ஆயுர்வேதத்தை நம்புகிறவர் என்றால் ஆயுர்வேதமே இதைச் சொல்கிறது. சரகரும், அறிவுள்ளவனுக்கு உலகம் முழுவதும் ஆசிரியன், பகைவன் சொன்னாலும் நல்லதைக் கேட்டுக்கொள் என்கிறார்.

தபால் சூரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா நோயாளியின் முகம் பார்த்து, நாடி பிடித்து, பசியும் உறக்கமும் விசாரித்து, தனக்குத் தெரிந்த மூலிகையைக் கொடுத்திருப்பார். முகம் தெரியாத ஒருவர் முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பும் டப்பாவை அந்த வைத்தியத்தின் வாரிசு என்று சொல்வது தாத்தாவுக்குத்தான் இழிவு. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. 'சர்க்கரைச் சூரணம்' என்று விற்றவற்றில் நவீன மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்ததும் பிடிபட்டிருக்கிறது. எனவே அப்பாவுக்குச் சிறுநீரகப் பரிசோதனையும், மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. ரத்த அழுத்தத்துக்கு உலகம் பயன்படுத்திய ரெசர்பின், நம் சர்ப்பகந்தி மூலிகையின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே அந்த வேரைப் பற்றி எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் வக்கீல் 1949-ல் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். ஆசனவாயருகே வரும் பௌத்திரப் புண்ணுக்கு மருந்து தோய்த்த நூல் கட்டும் க்ஷாரசூத்திர முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, ஆற அதிக நாள் பிடித்தாலும் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. சோதித்துப் பார், தேறினால் எடுத்துக்கொள், தேறாவிட்டால் விடு என்பதுதானே தம்பி கற்ற மருத்துவம்? மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் தன் பாட்டனாரின் வாழ்நாளைத் துடைத்தெறிந்துவிட்டு, அப்பா மாத்திரை சாப்பிடவில்லை என்று வருத்தப்பட்டால் எப்படி? முதலில் அந்தச் சொல்லுக்காக அவன் மன்னிப்புக் கேட்கட்டும்.

உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறு சொன்னார் வள்ளுவர். சரகரும் இதே நால்வரைத்தான் வைத்தியத்தின் நான்கு கால்கள் என்கிறார். உங்கள் வீட்டில் நோயாளியும் மருத்துவரும் பேசிக்கொள்ளவில்லை, மருந்து நின்றுபோயிருக்கிறது. அருகிருந்து கவனிக்கும் நீங்கள் ஒருவர்தான் நிற்கிறீர்கள். ஆகவே இதை நீங்கள்தான் செய்ய வேண்டும். இன்று மாலையே தம்பியை வரச்சொல்லுங்கள். அவனையே பரணில் ஏறச் செய்து சுவடிக்கட்டை இறக்கச் சொல்லுங்கள். மேக நோயைப் பற்றித் தாத்தா என்ன வைத்திருந்தார் என்று அப்பாவிடம் கேட்கட்டும். கிரந்தம் படிக்க வராவிட்டால் அச்சில் கிடைக்கும் உரையை வைத்து, தலைமையாசிரியர் தன் மகனுக்கு இருபது மேகங்களையும் பாடம் நடத்தட்டும். பாடம் மதுமேகத்துக்கு வரும்போது நீங்கள் அந்தப் பெருவிரலைக் காட்டுங்கள்.

காலையில் கிளம்பும்போது பழைய மருந்துச் சீட்டோடு சூரண டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். மறைக்க வேண்டாம், அதில் என்ன இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பழைய மாத்திரைகளை நீங்களாகவே முன்போல் தொடங்கிவிடாதீர்கள், அளவை அவர் முடிவு செய்யட்டும். என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.