காட்டு வான்கோழிச் சமையல்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசிக்கும் நண்பர் தாம் வேட்டையாடிய ஆண் வான்கோழியைக் கொடுத்திருக்கிறார். அங்கே நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்குச் செய்வதுபோல் முழுதாக ஓவனில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். பண்ணை வான்கோழி மார்பு பருப்பதற்கென்றே வளர்க்கப்படும் இனம். காட்டுப் பறவையோ பகலெல்லாம் நடந்து, சருகைக் கிளறி இரை தேடி, இரவில் மரத்தில் அடைவது. ஆகவே அதன் மார்பில் கொழுப்பு மிகக் குறைவு, கால்களிலோ நார் மிகுதி. கால் வேகும்வரை காத்திருந்தால் மார்பு சக்கையாகிவிடும் என்பதால் இரண்டையும் பிரித்துத் தனித்தனியே சமைப்பதே அந்தப் பறவைக்கு நாம் செய்யும் மரியாதை.

கேள்வி: கால்களைத் தூக்கி எறிந்துவிடுமாறு பலர் சொல்கிறார்களே?

பதில்: இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறைச்சியின் சுவை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதிர்ந்த பறவையின் கீழ்க்காலில் உள்ள தசைநாண்கள் எலும்புபோல் இறுகியிருப்பதால், வறுத்தால் மெல்லவே முடியாது. அடி கனத்த பாத்திரத்தில் வெங்காயம், பூண்டு, மிளகு சேர்த்து, கால்கள் முக்கால் பங்கு மூழ்கும் அளவு நீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் 3 முதல் 4 மணி நேரம் வேக விடுங்கள். நாரிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். அதன்பின் இறைச்சி எலும்பிலிருந்து தானே கழன்றுவிடும், நாண்களைக் கையால் உருவி எடுத்துவிடலாம். உதிர்த்த இறைச்சியை மக்காச்சோள டார்ட்டியாவில் (மெக்சிகோவின் மெல்லிய ரொட்டி) மிளகாய்ச் சாந்துடன் வைத்து உண்பது மிகப் பொருத்தம், ஏனெனில் வான்கோழியை முதலில் வீட்டுப் பறவையாகப் பழக்கியவர்களுள் மெக்சிகோ மக்களே முக்கியமானவர்கள்.

கேள்வி: மார்பு வறளாமல் இருக்க என்ன வழி?

பதில்: 1 லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பு கரைத்து, இறைச்சியை அதில் ஓர் இரவு குளிர்பெட்டியில் ஊற வையுங்கள். பிறகு இழைக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக வெட்டி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் தோய்த்து விரைவாகப் பொரித்தெடுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை கோழியின இறைச்சிக்கு வகுத்துள்ள உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ். அதை எட்டியதும் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: மார்பின் மேற்புறத்தில் மஞ்சளான, பஞ்சுபோன்ற படலம் இருக்கிறது. நோயா?

பதில்: இல்லை. வசந்தகால இணைசேர்க்கைப் பருவத்தில் ஆண் பறவை இரையைக் குறைத்துக்கொள்ளும். அப்போது உதவும் சேமிப்புக் கொழுப்பு அது. சுவை நன்றாக இராது, அகற்றிவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் எந்தக் குண்டால் சுட்டார் என்று நண்பரிடம் முதலில் கேளுங்கள். ஈயக் குண்டு என்றால், அது துளைத்த தடத்தையும் சுற்றியுள்ள இரத்தம் கட்டிய சதையையும் தாராளமாக வெட்டி எறியுங்கள்; ஈயத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் சிதறியிருக்கலாம் என்பதால், சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அந்தப் பறவையை நான் பரிமாறமாட்டேன்.