மூட்டையில் சூடேறும் பேரிக்காய்: கால்சியத்துக்கு அதில் எவ்வளவு பங்கு?

கேள்வி: கொடைக்கானல் வில்பட்டியில் பேரித் தோட்டம் வைத்திருக்கிறேன். யூரியாவும் பொட்டாஷும் தவறாமல் இடுகிறேன். காய் நன்கு பருக்கிறது. ஆனால் வத்தலக்குண்டு இறங்குவதற்குள் மூட்டை சூடேறி, ஓரிரு நாளில் காய் குழைந்து உள்ளே பழுப்பாகிறது. கால்சியம் தெளித்தால் சரியாகுமா?

பதில்: பறித்த காயும் சுவாசிக்கிறது, சேமித்த சர்க்கரையையும் மாலிக் அமிலத்தையும் செலவிட்டு, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. மூட்டை சூடேற இதுவும் ஒரு காரணம். கால்சியம் இந்தச் சுவாசத்தை நேரடியாக அடக்குவதில்லை. செல்சுவரிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிணைப்பதும், செல்சவ்வைக் கசியாமல் காப்பதுமே அதன் வேலை. அது குறைந்த காயில் சவ்வு தளர்ந்து, செல்லின் நுண்குமிழுக்குள் அடைபட்டிருக்க வேண்டிய மாலிக் அமிலம் வெளியே கசிந்து சுவாச நொதிகளுக்கு எட்டிவிடுகிறது. சுவாசம் வேகமெடுக்கிறது, காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவும் முன்கூட்டியே சுரக்கிறது.

காய் நன்கு பருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. கால்சியம் நீரோட்டத்துடன் மேலேறுவது. இலைக்குப் போனது காய்க்குத் திரும்பாது. காய்க்குரிய பங்கில் பெரும்பகுதி பிஞ்சுப் பருவத்திலேயே சேர்ந்துவிடுவதால், பின்னர் காய் பருக்கப் பருக்க அதன் செறிவு நீர்த்துப்போகிறது. மிகுதியான யூரியா தளிரை வளர்த்துக் கால்சியத்தை இலைப்பக்கம் இழுக்கிறது. பொட்டாஷ் வேரிலேயே அதனுடன் போட்டியிடுகிறது. மலைமழை கரைத்த அமில மண்ணில் இருப்பே குறைவு. ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். கார அமில நிலை 5.5-க்குக் கீழே இருந்தால், பரிந்துரைக்கும் அளவில் டோலமைட் சுண்ணாம்பு இட்டு, யூரியா, பொட்டாஷ் அளவைக் குறையுங்கள்.

தெளிப்பதாயின், லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து, பிஞ்சுப் பருவம் முதல் சில முறை, வெயில் ஏறுமுன், காய் நனையும்படி தெளியுங்கள். இலையில் விழுந்தது காய்க்கு உதவாது. சல்பேட், பாஸ்பேட் உரங்களுடன் கலந்தால் திரிந்து படியும். இலை கருகுமா என்று முதலில் ஓரிரு மரங்களில் பார்த்துக்கொள்வது நல்லது.

உள்பழுப்பை முழுவதும் கால்சியத்தின் மேல் சுமத்த முடியாது. பேரி உள்ளிருந்து பழுப்பது. மரத்திலேயே பழுக்கவிட்டால் நடுப்பகுதி முதலில் குழையும், எனவே முற்றிய பச்சைக் காயாகவே பறியுங்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். பகலில் சாக்கில் கட்டி இறக்கினால் எந்தத் தெளிப்பும் ஈடுகொடுக்காது. நிழலில் ஆறவிட்டுக் காற்றோட்டமுள்ள பெட்டியில் அடுக்கி, இரவு வண்டியில் அனுப்புங்கள்.