அட்டைக்கு இயக்கி எழுதுவதற்கு முன்: கேள்வி பதில்

வன்தட்டு இல்லாத கணினியையும் வலையமைப்பு வழியாகத் தொடக்கிவைக்கும் திறந்த மூல நிலைபொருள் ஐபிஎக்ஸ்இ. "என் நெட்வொர்க் அட்டையை அது கண்டுகொள்ளவில்லை, இயக்கி (அட்டையை இயக்கும் மென்பொருள், டிரைவர்) எழுதுவது எப்படி?" என்று யாழ்ப்பாணத்தின் நாலா பக்கமிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன்.

வடமராட்சியிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் பல கணினிகளின் வன்தட்டுகள் பழுதாகிவிட்டன. சேவையகத்திலிருந்து தொடக்க முயன்றேன். ஐபிஎக்ஸ்இ கோப்பு ஏறுகிறது. ஆனால் ஏறியதும் வலையமைப்புச் சாதனமே இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. இயக்கி எழுத ஆள் பிடிக்க வேண்டுமா தங்கச்சி?

வேண்டாம் ரீச்சர். அந்தக் கோப்பே வலையமைப்பு வழியாகத்தானே வந்து ஏறியது? அதைக் கொண்டுவந்தது அட்டையோடு வந்த பிஎக்ஸ்இ நிரல், அதாவது வலையமைப்பு வழியாகத் தொடக்கிவைக்கும் சிறு நிரல். ஆக, அட்டையை இயக்கத் தெரிந்த ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 1999இல் இன்டெல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 விவரக்குறிப்பு, அந்த நிரலைப் பிறரும் பயன்படுத்த 'யூஎன்டிஐ' என்றொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஐபிஎக்ஸ்இயை 'அன்டிஒன்லி' என்ற வடிவத்தில் தொகுத்தால், அது தன் சொந்த இயக்கிகளைத் தேடாமல் அந்த வாசலால் போய்விடும். யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க நிலைபொருள்) உள்ள புதிய கணினி என்றால் அதே வேலையை 'எஸ்என்பிஒன்லி' கோப்பு செய்யும்.

ஒன்றில் மட்டும் கவனம் வையுங்கள். புதிதாக ஏறிய ஐபிஎக்ஸ்இ மறுபடியும் முகவரி கேட்கும். முகவரி வழங்கும் உங்கள் டிஹெச்சிபி சேவையகம் பழையபடி அதே கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது தன்னையே ஏற்றி ஏற்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்பது ஐபிஎக்ஸ்இயா, அட்டையின் நிரலா என்பதை 77ஆம் விருப்பத்தேர்வில் வரும் பெயரைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பெரிய படிமங்களை டிஎஃப்டிபியில் அனுப்பாமல் ஹெச்டிடிபியில் அனுப்புங்கள். ஒரு துண்டு அனுப்பி, அது கிடைத்ததென்ற பதிலுக்குக் காத்திருந்து, பிறகே அடுத்த துண்டை அனுப்பும் டிஎஃப்டிபியோடு ஒரு வகுப்பே காத்திருந்தால் பாடவேளை முடிந்துவிடும்.

கொக்குவிலிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, என்னுடையது இன்டெல் அட்டை. லினக்ஸில் ஓடுகிறது, ஐபிஎக்ஸ்இயில் இல்லை. ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறான் நண்பன். உண்மையா?

பல நேரம் உண்மை. ஒவ்வொரு பிசிஐ அட்டையும் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்துகிறது. ஒன்று தயாரித்தவருக்கு உரியது, மற்றது சாதனத்துக்கு உரியது. லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை எண்களையும் காட்டச் சொல்லிக் கொடுத்தால் 8086:1533 என்பது போல வரும். 8086 இன்டெல், 1533 அதன் ஐ210 சிப். இயக்கிக் கோப்பில் 'பிசிஐ ரோம்' என்று தொடங்கும் வரிகளின் பட்டியல் இருக்கும். உங்கள் எண் அதில் இல்லை, ஆனால் அதே குடும்பத்துச் சிப் ஒன்று இருக்கிறது என்றால் ஒரு வரி சேர்த்துப் பார்க்கலாம். அந்த வரியை சி தொகுப்பி மட்டும் வாசிப்பதில்லை. எந்த அட்டைக்கு எந்தக் கோப்பு என்று கண்டுபிடிக்கும் ஒரு பேர்ல் நிரலும் வாசிக்கிறது. ஆகையால் அழகுக்காக வரியை முறிக்க வேண்டாம்.

இணைப்பு வந்துவிட்டது என்று உடனே கொண்டாட வேண்டாம், தம்பி. பெரிய கோப்பொன்றை இறக்கி, இயங்குதளம் முழுமையாகத் தொடங்கும்வரை பாருங்கள். குடும்பம் ஒன்றாக இருந்தாலும், மீளமைத்தபின் ஒரு சிப் எழும்ப எடுக்கும் நேரமோ ஒரு பதிவகத்தின் (சிப்பைக் கட்டுப்படுத்த எழுதி வாசிக்கும் சிறு இடம்) பொருளோ வேறுபடலாம்.

கிளிநொச்சி பொறியியல் பீட மாணவி: இறுதியாண்டுச் செயற்திட்டமாக, ஐபிஎக்ஸ்இயில் இதுவரை இல்லாத ஒரு சிப்புக்கு முழு இயக்கி எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

முதலில் சிப்பின் கையேடு கைக்கு வரவேண்டும். அது இல்லையென்றால் வேறு சிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஓராண்டுத் திட்டத்தை ஊகத்தில் ஓட்ட முடியாது.

மூலநிரலில் வலையமைப்பு இயக்கிகள் உள்ள அடைவில் 'ஸ்கெலிட்டன்' என்றொரு கோப்பு கிடக்கிறது. எந்த அட்டையையும் இயக்காத, வெறும் எலும்புக்கூடான இயக்கி. அதைப் பிரதி எடுத்துப் பெயர்களை மாற்றுங்கள். பிழை எண்கள் எந்தக் கோப்பில் பிறந்தவை என்று தெரிவதற்காக, பிழைக்கோப்புப் பட்டியலில் உங்கள் கோப்புக்கும் ஓர் எண் கொடுங்கள். அதை விட்டால் தொகுப்பிலேயே இடறுவீர்கள். அதே அடைவில் ஈதர்பூட் காலத்து இயக்கிகளும் இருக்கின்றன. ஈதர்பூட் பின்னர் ஜிபிஎக்ஸ்இ ஆகி, அதிலிருந்து 2010இல் ஐபிஎக்ஸ்இ பிரிந்தது. அந்தப் பழையவை இன்னும் ஓடுகின்றன என்பதற்காக அவற்றை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். இன்டெல் இயக்கியைப் படியுங்கள்.

நீங்கள் நிரப்ப வேண்டிய செயற்பாடுகள் ஐந்துதான்: திற, மூடு, அனுப்பு, வினவு, குறுக்கீட்டை (அட்டை செயலியைக் கூப்பிடும் சைகை) இயக்கு அல்லது நிறுத்து. இதோடு அட்டையைக் கண்டதும் ஓடும் பகுதியும் விடைபெறும்போது ஓடும் பகுதியும். லினக்ஸ் இயக்கியைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். இங்கே அந்த அளவு இல்லை. ஐபிஎக்ஸ்இ குறுக்கீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. "ஏதாவது வந்ததா, ஏதாவது போய்ச் சேர்ந்ததா?" என்று அதுவே திரும்பத் திரும்ப வினவும். பல இழைகள், பூட்டுகள் என்ற தலைவலி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கட்டுப்பாடு உண்டு: வினவும் பகுதி எதற்காகவும் நின்று காத்திருக்கக் கூடாது.

மீளமைப்பு, மேக் முகவரி, இணைப்பு நிலை, அனுப்புதல், பெறுதல் என்ற வரிசையில் எழுதுங்கள். மேக் முகவரி முழுவதும் பூச்சியமாக வந்தால், அட்டை தன் ஈப்ரோமை (முகவரி பதிந்திருக்கும் நிலையான நினைவகம்) வாசித்து முடிக்கும் முன்பே நீங்கள் கேட்டிருக்கலாம். எண்கள் சரி, வரிசை தலைகீழ் என்றால் பைட்டுகளை அடுக்கிய முறையில் பிழை. அனுப்பும்போது குறுகிய பொதிகளை (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டுகளை) கவனியுங்கள். ஏஆர்பி வினா (ஓர் ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்பது) 42 பைட் மட்டுமே, ஈதர்நெட்டில் சட்டகச் சோதனைத் தொகை நீங்கலாகக் குறைந்தது 60 பைட் வேண்டும். சில சிப்கள் தாமே நிரப்பிக்கொள்ளும், சில அப்படியே அனுப்பும், அப்படி வந்ததைச் சுவிட்ச் எறிந்துவிடும். நிரலில் அனுப்பியதாகக் கணக்கு ஏறும், மறுமுனையில் ஒன்றும் வராது.

இனி, எல்லோரும் அலட்சியமாக விடுகிற 'மூடு'. இயங்குதளத்திடம் கணினியை ஒப்படைக்கும்போது அட்டை நினைவகத்தில் எழுதுவதை முற்றாக நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். லினக்ஸ் கரு (கேர்னல்) ஏறுகிறது, நீங்கள் பெறுதலுக்கு ஒதுக்கிய இடத்தை அது தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்நேரம் பக்கத்து அறைக் கணினி ஒன்று எல்லோருக்குமான பொதி ஒன்றை அனுப்புகிறது. அட்டைக்கு உலகம் மாறியது தெரியாது. பழைய முகவரியிலேயே அந்தப் பொதியைக் கொட்டிவிடுகிறது. கரு விழுந்துவிடும். நாளைக்கு வேறு இடத்தில் விழும். ஆளில்லாத இரவில் சோதித்தால் விழவே விழாது. குற்றம் உங்கள் இயக்கியில் என்று எவருக்கும் தோன்றாது. மீளமைத்து, மீளமைப்பு முடிந்ததை உறுதிசெய்து, அதன் பிறகே நினைவகத்தை விடுவியுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: அக்கா, என் இயக்கி சரியாக எட்டுப் பொதிகளைப் பெறுகிறது. பிறகு அமைதி. எட்டில் என்ன இருக்கிறது?

பெறுதல் வளையத்தில், அதாவது வரும் பொதிகளை வைக்கும் நினைவக இடங்களின் சுற்று வரிசையில், எத்தனை இடையகங்களை வைத்தீர்கள் என்று போய்ப் பாருங்கள். எட்டாகத்தான் இருக்கும்.

பனையில் முட்டி கட்டுவது போன்ற வேலை இது. வெறும் முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறீர்கள், மரம் நிரப்புகிறது. நிறைந்ததை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு வெறும் முட்டி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொட்டுவது நிலத்துக்கு. நீங்கள் எட்டையும் எடுத்தீர்கள், திரும்பக் கட்டவில்லை. கட்டியிருந்தால், கட்டியதை அட்டைக்குச் சொல்லவில்லை.

இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. இன்டெல் சிப்பில் ஒவ்வொரு விவரணியும் (ஓர் இடையகத்தைப் பற்றி அட்டைக்குச் சொல்லும் குறிப்பு) 16 பைட். முதல் 8 பைட்டில் இடையகத்தின் முகவரி, பின்னால் நீளம், நிலை முதலியவை. பொதியை எழுதி முடித்ததும் நிலையின் 0ஆம் பிட்டை (மிகக் கீழ்ப் பிட்டை) அட்டை 1 ஆக்கும், வினவும்போது நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். புதிய இடையகத்தை வைத்ததும் பதினறும எண்ணில் 2818 என்ற முகவரியிலுள்ள வால் பதிவகத்தில் புதிய எல்லையை எழுத வேண்டும். தலை (அட்டை அடுத்து நிரப்பும் இடம்) வாலைத் தொட்டுவிட்டால், தனக்கு இடமில்லை என்று கருதி அட்டை நின்றுவிடும். விவரணியில் பழைய நிலை பிட்டை அழித்தீர்களா என்றும் பாருங்கள். அழிக்காவிட்டால் அடுத்த சுற்றில், வராத பொதியை வந்ததாக எண்ணுவீர்கள். விவரணியை எழுதுவதற்கும் வாலை எழுதுவதற்கும் நடுவே, முதல் எழுத்து முடிந்த பிறகே அடுத்ததை விடும் நினைவகத் தடை ஒன்று வேண்டும். அது இல்லாமலும் உங்கள் கணினியில் ஓடும், வேறொருவரின் கணினியில் ஓடாது.

சுன்னாகத்தில் கணினிக் கடை நடத்தும் ஒருவர்: பிள்ளை, எங்கள் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் அட்டையின் விளக்கு எரிகிறது, இணைப்பு வருகிறது, முகவரி மட்டும் கிடைக்கவில்லை. அரை நிமிடம் கழித்து மறுபடி முயன்றால் கிடைக்கிறது. இயக்கியில் பிழையா?

இல்லை ஐயா, சுவிட்சைப் பாருங்கள். அரை நிமிடம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை (வலையமைப்பில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுப்பது) ஓடும் சுவிட்ச், இணைப்பு வந்ததும் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அதன் பிறகே பொதிகளை விடும். கணினிகள் மட்டும் இணைக்கப்பட்ட வாயில்களுக்கு அந்தக் காத்திருப்பை நீக்கும் அமைப்பு, நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் இருக்கும். ஐபிஎக்ஸ்இ தொடங்கும்போது கன்ட்ரோலோடு பி அழுத்திக் கட்டளை வரிக்குப் போய், 'ஐஎஃப்ஸ்டாட்' என்று கேட்டால் அனுப்பியவை, பெற்றவை, பிழையானவை எத்தனை என்று காட்டும். அனுப்பியது ஏறி, பெற்றது பூச்சியமாகவே நின்று, பிழையும் இல்லையென்றால் கம்பியையும் சுவிட்சையும் பாருங்கள்.

மானிப்பாயிலிருந்து: ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினியை அணைத்து ஏற்றிப் பொறுமை போய்விட்டது. வேறு வழி உண்டா?

கியூஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருள். அது பாவனைசெய்யும் அட்டைகளுக்கான தொடக்க நிரலே ஐபிஎக்ஸ்இதான், அதனால் நல்ல பொருத்தம். இன்டெல் 82540இஎம் அட்டையை அது பாவனைசெய்வதால், வேறு அட்டை வாங்காமலே அந்த இயக்கியைத் திருத்திப் பழகலாம். கியூஎம்யூவுக்குள்ளேயே சிறிய டிஹெச்சிபியும் டிஎஃப்டிபியும் உண்டு, தனிச் சேவையகம் தேவையில்லை. உண்மையான அட்டையைச் சோதிக்க வேண்டிய கட்டத்தில், லினக்ஸின் விஎஃப்ஐஓ வழியாக அதை மெய்நிகர் கணினிக்குள் ஒப்படையுங்கள். உங்கள் பிழையால் விழுவது பெரும்பாலும் மெய்நிகர் கணினி மட்டும்தான். மின்வெட்டுக்குப் பயந்து மேசைக் கணினியைத் தொடாத நாட்களிலும் மடிக்கணினியில் கியூஎம்யூ வேலையைத் தொடரலாம்.

தொகுக்கும்போது உங்கள் இயக்கிக்கு மட்டும் பிழைத்தேடலை இயக்குங்கள். எல்லாவற்றுக்கும் இயக்கினால் திரை வெள்ளமாக ஓடும், ஒன்றும் வாசிக்க முடியாது.

சாவகச்சேரியிலிருந்து: லினக்ஸ் இயக்கியை அப்படியே கொண்டுவந்து ஒட்டலாமா? இரண்டும் திறந்த மூலம்தானே?

உரிமம் இடம் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு கோப்பும் தன் உரிமத்தைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸிலிருந்து எடுத்தது ஜிபிஎல் இரண்டாம் பதிப்புக்கு மட்டும் உரியது என்றால் உங்கள் கோப்பும் அப்படித்தான் அறிவிக்க வேண்டும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த இயக்கி குறுக்கீடுகளையும் பல இழைகளையும் மின்சேமிப்பையும் நம்பி எழுதப்பட்டது. ஒட்டினால் முக்கால்வாசியை வெட்டி எறிவீர்கள், மீதிக் கால்வாசி ஏன் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. கையேடு சொல்லாத சிப் குறைகளை அறிய அதைப் படியுங்கள். எழுதுவதைப் புதிதாக எழுதுங்கள்.

இரண்டு மூன்று பேர்: வைஃபை வழியாகத் தொடக்க முடியுமா?

சில பழைய சிப்களுக்கு மட்டும் ஆதரவு உண்டு. ஆய்வுகூடத்துக்குக் கம்பியே இழுங்கள். அட்டை இல்லாத மடிக்கணினிக்கு யூஎஸ்பி ஈதர்நெட் மாற்றி போதும். ஏசிக்ஸ் சிப் உள்ள சிலவற்றுக்கு இயக்கி ஏற்கெனவே இருக்கிறது.

கோண்டாவிலிலிருந்து: நானே தொகுத்த கோப்பைப் புதிய கணினி ஏற்க மறுக்கிறது. பாதுகாப்பு மீறல் என்கிறது.

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பின் வேலை அது. நீங்கள் தொகுத்ததில் அந்தக் கணினி நம்பும் கையொப்பம் இல்லை. சோதனைக் கணினியில் அதை அணைத்துவிடுங்கள்.

அச்சுவேலியிலிருந்து: என் மாற்றம் ஓடுகிறது. மூலத் திட்டத்துக்கு அனுப்ப ஆசை, ஆனால் ஆங்கிலத்தில் நீளமாக விளக்க வராது.

நீளம் வேண்டாம். தலைப்பில் இயக்கியின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி. கீழே, எந்த அட்டையில், பயாஸிலா யூஈஎஃப்ஐயிலா சோதித்தீர்கள் என்று இன்னும் இரண்டு வரி. உங்கள் கையொப்ப வரி. அவ்வளவே. இடைவெளிகளைச் சுற்றியுள்ள நிரல் எப்படி விட்டிருக்கிறதோ அப்படியே விடுங்கள். அங்கே அடைப்புக்குறிக்கு உள்பக்கமும் இடம் விடுவார்கள், கண்ணுக்கு விசித்திரமாக இருந்தாலும் அதுதான் அந்த வீட்டு வழக்கம். ஒரு மாற்றத்துக்கு ஒரு திருத்தம் மட்டும் அனுப்புங்கள். எண் சேர்த்ததையும் வளையத்தின் அளவை மாற்றியதையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால் இரண்டும் கிடப்பில் கிடக்கும்.

நல்லூரிலிருந்து: பழக எந்த அட்டை வாங்கலாம்?

இன்டெல் 82574 அல்லது ஐ210. இரண்டுக்கும் கையேடு பொதுவில் கிடைக்கிறது, இரண்டும் ஒற்றைச் சிப் என்பதால் அட்டையும் சிறியது. பழைய உதிரிப்பாகக் கடையில் வாங்கினால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். வெப்பத்தகடு ஒட்டி மறைத்திருந்தால், கடையிலேயே ஒரு கணினியில் செருகி அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.