இந்தியா ஏன் இந்து, முஸ்லிம் என்று பிரிக்கப்பட்டது? இருவரும் சேர்ந்து வாழவே முடியாத நிலை இருந்ததா?

சேர்ந்து வாழ முடியவில்லை என்று சொன்னால் பஞ்சாபுக்குப் பதில் சொல்ல முடியாது. 1937 மாகாணத் தேர்தலுக்குப் பிறகு அங்கே ஆட்சி அமைத்தது யூனியனிஸ்ட் கட்சி. முஸ்லிம், இந்து, சீக்கிய நிலக்காரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். சிக்கந்தர் ஹயாத் கான் முதல்வர். ஜின்னாவின் முஸ்லிம் லீக் அங்கே ஜெயித்தது இரண்டே இடம். அதே பஞ்சாப்தான் பத்தே வருடத்தில் ரத்த வெள்ளத்தில் இரண்டாகக் கிழிந்தது. அந்தப் பத்து வருடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பதுதான் சரி.

ஆனால் விதை போட்டது 1909-ல். பிரிட்டிஷ் அரசின் மின்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய தனித்தொகுதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்று தனித்தொகுதியில் வேட்பாளருக்குத்தான் கட்டுப்பாடு, ஓட்டு எல்லோரும் போடுகிறோம். அன்றைய ஏற்பாட்டில் முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும். அப்புறம் அந்த வேட்பாளர் எதற்காக இந்து வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறார்? அவருக்குப் போட்டி இன்னொரு முஸ்லிம்தான். யார் அதிகம் மார்தட்டுகிறாரோ அவர் பக்கம் காற்று அடிக்கும். பொதுத் தொகுதியில் நின்றவருக்கும் முஸ்லிம் ஓட்டு தேவையில்லை. இந்த முறை சுமார் நாற்பது வருடம் ஓடியது.

வெள்ளைக்காரன் பிரித்தாண்டான் என்று அதோடு கதையை முடித்துவிடுவது நமக்கு வசதி. ஆனால் தனி வாக்காளர் முறையைக் கேட்டு 1906-ல் ஆகா கான் தலைமையில் சிம்லாவுக்கு, வைஸ்ராயிடம் போனவர்கள் இந்த மண்ணின் முஸ்லிம் பிரபுக்கள்தான். 1916-ல் லீக்கோடு செய்துகொண்ட லக்னோ ஒப்பந்தத்தில் அதற்குக் காங்கிரஸும் தலையாட்டியது.

1937-ல் உத்தரப் பிரதேசத்தில் (அன்று ஐக்கிய மாகாணம்) தனித்து ஆளப் பலம் கிடைத்ததும், லீக்கைக் கூட்டணியில் சேர்க்கக் காங்கிரஸ் கடும் நிபந்தனை போட்டது, பேச்சு முறிந்தது. கணக்கின்படி காங்கிரஸ் செய்தது தவறில்லை, ஆனால் அரசியலாக அது பெரிய பிழை என்பேன். "நாளை டெல்லியிலும் இதுதான் நடக்கும்" என்று சொல்ல ஜின்னாவுக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. 1940 மார்ச்சில் முஸ்லிம்களுக்குத் தனி நாடு கேட்டு லீக்கின் லாகூர் தீர்மானம். 1946 தேர்தலில் அதே பஞ்சாபில் லீக்குக்கு 70-க்கும் மேற்பட்ட இடங்கள். சென்னை மாகாணத்திலும் முஸ்லிம் இடங்களை அது அள்ளியது. பாகிஸ்தான் வந்தாலும் அங்கே போகப் போகாத மக்கள்! இந்த ஓட்டுகளை வைத்து நாடே பாகிஸ்தானைக் கேட்டது என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு: அன்று சொத்து, வரி, படிப்பு உள்ளவர்களுக்குத்தான் ஓட்டுரிமை.

அதற்குப் பிறகும் ஒரு கதவு திறந்திருந்தது. 1946 மே மாதம் பிரிட்டன் அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழு, வலுக்குறைந்த மத்திய அரசு, மாகாணங்கள் மூன்று குழு என்று ஒரு திட்டம் வைத்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டன, ஆளுக்கு ஓர் அர்த்தத்தோடு. ஜூலை 10 அன்று நேரு பம்பாயில் பத்திரிகையாளர்களிடம், அரசியல் நிர்ணய சபைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் கட்டுப்படவில்லை என்ற பொருளில் பேசினார். மாத இறுதிக்குள் ஜின்னா சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். ஆகஸ்ட் 16 கல்கத்தாவில் லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாள், ஆயிரக்கணக்கில் பிணங்கள். பிறகு நவகாளி, பீகார். கொலை விழத் தொடங்கியபின் "பிரிந்தே தொலைக்கலாம்" என்ற மனநிலை படேல் வரைக்கும் வந்துவிட்டது.

எல்லைக் கோடு போட வந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கிடைத்தது ஐந்து வாரம். அவர் தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17, அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. முஸ்லிம் பெரும்பான்மை முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும், இந்துக்கள் சற்றே அதிகமிருந்த குல்னா பாகிஸ்தானுக்கும் போயின.

அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில், சென்னை மாகாணத்தின் போக்கர் சாகிப் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தனி வாக்காளர் முறை முஸ்லிம்களுக்குத் தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். படேல் கடுமையாக எதிர்த்துப் பேசினார். திருத்தம் தோற்றது.