குன்னூர்லயே இருந்துக்கிட்டு தனியா நாலு நாள் வீட்டுலயே ரெஸ்ட் எடுக்கணும், எப்படி பிளான் பண்றது?

நீங்க கேட்டது இதுதானே, வீட்டுல எல்லாரும் வெளியூர் போறாங்க, ஹோட்டல் ரிசார்ட்னு காசு செலவு பண்ணாம நாலு நாள் நம்ம வீட்டுலயே தனியா நிம்மதியா இருக்கணும், அதுக்கு என்ன பண்ணணும்னு. நான் கோத்தகிரிங்க, டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு பார்க்குறேன். இதை ரெண்டு தடவை பண்ணியிருக்கேன். முதல் தடவை வீணாப் போச்சு, ரெண்டாவது தடவை நல்லா அமைஞ்சது.

முதல் தடவை மே மாசம். புள்ளைங்கள கூட்டிட்டு வீட்டுக்காரர் தாராபுரம் அத்தை வீட்டுக்குப் போயிட்டாரு. முதல் நாள் காலைல டீ குடிச்சுட்டு சும்மா உக்காரலாம்னு பார்த்தா பரண்ல கிடக்குற பழைய சாமான் கண்ணுல பட்டுச்சு, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்னு ஏறினேன், இறங்கும்போது சாயங்காலம் ஆறு மணி. ரெண்டாவது நாள் கோயமுத்தூர்ல இருந்து சித்தி பொண்ணு போன் பண்றா, "அக்கா கீழ வெயில் தாங்கல, நீ தனியாத்தானே இருக்க, நாங்க வர்றோம்"னு. அஞ்சு பேரு வந்தாங்க. அவங்க மேல எனக்கு கோவமே இல்ல, ஆனா ஊரே ரெஸ்ட் எடுக்க மலைக்கு வர்ற சமயத்துல மலைல குடியிருக்கிற பொம்பளைங்களுக்கு அடுப்ப விட்டு நகர முடியாதுன்னு உங்களுக்கும் தெரியும்ல.

அதனால முதல்ல மாசத்தை சரியா பாருங்க. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். அக்டோபர், நவம்பர்ல வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் தான் நல்லா கொட்டும், மரம் விழும், மண்ணு சரியும், கரண்ட் போகும், தனியா இருக்கிறப்ப மனசு அதுலயே இருக்கும். நான் ரெண்டாவது தடவை எடுத்தது ஜனவரி கடைசி. குளிருக்கு ஃபேக்டரிக்கு வர்ற பச்சைத் தேயிலை வரத்து குறைஞ்சிடும், ஆபீஸ்லயும் வேலை கம்மி. 2024-ல தைப்பூசம் 25-ஆம் தேதி வியாழன், மறுநாள் குடியரசு தினம், அப்புறம் சனி ஞாயிறு, ஒரு நாள் கூட லீவு போடாம நாலு நாள் கிடைச்சுது. அவங்க எல்லாரும் பழனி போயிட்டு அப்படியே தாராபுரம்.

ரெண்டாவது, எல்லா வேலையையும் முந்தின வாரமே முடிச்சிடணும், முடியாத வேலைய கண்ணுல படாம மூடி வைக்கணும். நான் பரண் மேல ஒரு பழைய புடவைய தொங்க விட்டேன், துணி மூட்டைய இன்னொரு ரூம்ல போட்டு பூட்டி சாவிய எதிர்வீட்டு அக்கா கிட்ட குடுத்துட்டேன். கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா சொந்த வீட்டுல ரெஸ்ட் எடுக்குறதுல இருக்கிற கஷ்டமே இது தான், உக்கார்ற இடத்துல இருந்து பார்த்தா நாலு பக்கமும் வேலை தெரியுது, கை தானா போகுது. ஹோட்டல்ல உடம்புக்கு சுகமா இருக்கிறது மெத்தையால மட்டும் இல்ல, அங்க நம்ம வேலை எதுவும் கண்ணுல படாது.

சாப்பாடு. நாலு நாளும் ஹோட்டல்ல வாங்குனா வயிறு கெடும், நாலு நாளும் புதுசா சமைச்சா ரெஸ்ட் எங்க. தோசை மாவு அரைச்சு வெச்சுக்கோங்க, ஆனா ஜனவரி குளிர்ல ஒரு ராத்திரில புளிக்காது, ரெண்டு நாள் முன்னாடியே அரைச்சு, வெதுவெதுன்னு தண்ணி ஊத்துன பெரிய குண்டாவுக்குள்ள மாவு பாத்திரத்தை இறக்கி, மேல பழைய கம்பளிய போத்தி விட்டுருங்க. புளிச்சதும் ஃபிரிட்ஜ். அப்புறம் ரசத்துக்கு பொடி, ஒரு மேரக்காய் (சௌசௌ) கூட்டு, தயிர், முட்டை, ஒரு பாக்கெட் வர்க்கி, எனக்கு அவ்ளோ தான்.

டீ விஷயத்துல மட்டும் ஆசைய அடக்காதீங்க. தினமும் டஸ்ட் டீய பாலோட சேர்த்து கொதிக்க வெச்சு நின்னுக்கிட்டே குடிக்கிறோம்ல, அந்த நாலு நாளைக்கு ஆர்த்தடாக்ஸ் இலை, அதாவது தூளாக்காம இலையாவே சுருட்டி காயவெச்ச டீ, 100 கிராம் வாங்குங்க. தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்சதும் அடுப்ப அணைச்சு, ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் கணக்குல இலைய போட்டு மூடி, மூணு நாலு நிமிஷம் விடுங்க. சுருண்டு கிடக்குற இலை மெதுவா விரிஞ்சு அடில இறங்கும், தண்ணி முதல்ல வெளிறி, அப்புறம் தேன் கலருக்கு வரும். பால் வேண்டாம். வருஷக்கணக்கா டீ ஃபேக்டரில வேலை பார்க்குறேன், ஒரு இலை விரியிறத முழுசா உக்காந்து பார்த்தது அன்னிக்கு தான்.

வெளிய போறது ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் போகணும்னு தோணினா மட்டும். தொட்டபெட்டா, கோடநாடு வியூ பாயிண்ட்னு லிஸ்ட் போட்டா அது டூர் ஆயிடும். நான் நாலு நாள்ல ஒரே இடம் தான் போனேன், லாங்வுட் சோலை. கோத்தகிரி டவுனுக்கு பக்கத்துலயே 116 ஹெக்டேர் காடு, வனத்துறைல முன்னாடியே கேட்டு வெச்சிருந்தேன். உள்ள நுழைஞ்சதும் வெயில் அப்படியே நின்னு போயிடும், மரத்துல எல்லாம் பாசி, கால் வெச்சா சத்தம் வராது, எங்கயோ தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேக்கும். சுத்தி இருக்கிற கிராமங்களுக்கு தண்ணி குடுக்குறது இந்த சோலை தான், மழைய பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சு வருஷம் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா விடுது. ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்திருந்தேன். சிரிப்பான் குருவி கூட்டம் ஒண்ணு புதருக்குள்ள கத்திக்கிட்டே போச்சு, நான் அசையாததால என் காலுக்கு பக்கத்துலயே இலைய கிளறி பூச்சி தேடுச்சு. ஜனவரி 31-ஆம் தேதி நியூஸ்ல இந்த சோலைய ராம்சார் தளமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சுட்டாங்கன்னு வந்தப்ப எனக்கு கண்ணே கலங்கிடுச்சு, நாலஞ்சு நாள் முன்னாடி தானே அங்க உக்காந்துட்டு வந்தேன்.

குன்னூர்ல நீங்க இருக்கீங்கன்னா சிம்ஸ் பார்க்குக்கு காலைல கேட் திறந்ததும் போங்க, 1874-ல வெச்ச பூங்கா, மே மாசம் பழக் கண்காட்சி கூட்டத்துல மட்டும் பார்த்துட்டு அதை பார்த்தாச்சுன்னு சொல்லக் கூடாது. இல்லன்னா ஊட்டி போற மலை ரயில்ல ஏறி கேத்தி வரைக்கும் போய் இறங்கி ஸ்டேஷன் பெஞ்ச்ல உக்காந்துட்டு திரும்பி வாங்க.

தனியா இருக்கிறதால ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ஒண்ணு, குளிருதுன்னு கரி அடுப்பையோ கங்கு சட்டியையோ ரூமுக்குள்ள வெச்சு கதவ ஜன்னல சாத்திட்டு தூங்காதீங்க. கரி அரைகுறையா எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல அது போய் ஒட்டிக்கும், தூக்கத்துலயே உயிர் போயிடும், நம்ம மலைலயே அப்படி நடந்திருக்கு. ரெண்டு கம்பளி, ஒரு சுடுதண்ணி பை, அது போதும். இன்னொண்ணு, இருட்டுன பிறகும் விடியிறதுக்கு முன்னாடியும் தனியா நடக்காதீங்க, காட்டெருமை தேயிலைக்குள்ள படுத்திருந்தா பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. எண்ணெய் டின்னையும் குப்பையையும் வெளிய வைக்காதீங்க, எண்ணெய் வாசனைக்கு கரடி வந்துரும்.

போன ஆஃப் பண்ண வேண்டாம், வாட்ஸ்அப் மட்டும் மூடிடுங்க. நான் ராத்திரி ஏழு மணிக்கு எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு குரல் குடுப்பேன், "அக்கா, சாப்ட்டேன், கதவ சாத்துறேன்"னு, அவங்க "சரி கண்ணு"ன்னு சொல்லுவாங்க. அவ்ளோ தான் அன்னிக்கு பேச்சு. முதல் நாள் மதியம் ரெண்டு மணி வாக்குல ஒரு மாதிரி இருக்கும், என்னத்தையோ மறந்துட்ட மாதிரி, யாரோ கூப்பிடுற மாதிரி, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எழுந்து போய் எதையும் கழுவ ஆரம்பிச்சுடாதீங்க, போர்வைய இழுத்து போத்திட்டு படுங்க. நான் அப்படியே நாலு மணி நேரம் தூங்கினேன், அப்படி பகல்ல தூங்கினது ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அன்னிக்கு தான்.

கடைசி நாள் அவங்க சாயங்காலம் வர்றாங்கன்னா காலைலயே சமையல ஆரம்பிச்சு அந்த நாள கெடுத்துக்காதீங்க. மேட்டுப்பாளையத்துலயே சாப்பிட்டு பஸ் ஏற சொல்லிடுங்க, வந்ததும் டீ போட்டு குடுத்தா போதும்.